திறந்து கிடந்த நாற்பத்தொரு நாள்

அத்தியாயம் 17

போன வாரம் பிரெட்ரிக்கை அவன் மடிக்கணினி முன்னால் விட்டுவிட்டு வந்தோம். செவ்வாய்க்கிழமை இரவு ஒரு சர்வரில் ஒரே ஒரு வரியை அழித்தான், சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டான். அப்புறம் போய்ப் படுத்தவன் விடிகிற வரைக்கும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு, ரெங்கம் என்ற சிற்றூரில், வீட்டுச் சமையலறையில், அவன் முன்னால் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி அப்படி யோசனை?" என்றாள் அம்மா லூசி.

"ஆபீஸ் விஷயம்மா."

"எனக்குப் புரியாதுன்னு சொல்லு."

லூசிக்கு ஐம்பத்தாறு வயது. தொழிற்சாலைக் கேண்டீனில் தினமும் முந்நூறு பேருக்குச் சோறு போடுகிறவள். புதன்கிழமை மட்டும் அவளுக்கு ஓய்வு. அன்று காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒருசந்தி இருந்து, குளுவாங் தேவாலயத்து நவநாளுக்குப் போய்விடுவாள். பத்து வாரமாக ஒரு புதன்கிழமைகூடத் தவறவில்லை. புருஷன் ரபேல் செம்பனை எண்ணெய் லாரியை எடுத்துக்கொண்டு நாலு மணிக்கே பாசிர் கூடாங் துறைமுகத்துக்குக் கிளம்பியிருந்தார்.

"மாமாக் சாப்பாட்டுக் கடையில ரொட்டி போடறவர் இருக்காரு இல்லம்மா," என்று பிரெட்ரிக் ஆரம்பித்தான். "நீங்க மோட்டார் சைக்கிளை நிப்பாட்டும்போதே உங்களுக்கு ரெண்டு ரொட்டி தட்ட ஆரம்பிச்சிடுவாரு. நீங்க வாயே தொறக்கல. வழக்கமா என்ன கேப்பீங்கன்னு அவரா ஒரு கணக்கு. அதனாலதான் கடை வேகமா ஓடுது. கம்ப்யூட்டரோட மூளையும் அப்படித்தான். அடுத்து என்ன வேலை வரும்னு ஊகிச்சு முன்கூட்டியே செஞ்சு வெச்சிடும். ஊகம் தப்புன்னா தூக்கிப் போட்டுடும்."

"நல்லதுதானே."

"பக்கத்து மேசையில ஒருத்தன் உக்காந்து அந்தக் கல்லையே பாத்துக்கிட்டிருக்கான்னு வெச்சிக்குங்க. கல்லுல என்ன வேகுதுன்னு பாத்தே யாரு வர்றா, என்ன சாப்புடுவாங்கன்னு எல்லாத்தையும் தெரிஞ்சிக்குவான். தூக்கிப் போட்டதையும் பாத்துக்குவான். அதைத்தான் ஓட்டைன்னு கண்டுபிடிச்சிருக்காங்க."

"அப்ப என்ன பண்ணணும்?"

"ஆர்டர் சொன்னப்புறம்தான் மாவைத் தொடணும். ஒவ்வொரு ஆளுக்கும் கல்லைக் கழுவணும். அதுக்குப் பேருதான் பேட்ச்."

லூசி ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"அப்படின்னா வரிசை வாசல் வரைக்கும் நிக்குமே."

"அதாம்மா பிரச்சனை," என்றான் பிரெட்ரிக்.

கதையை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காக மீதியை நான் சொல்லிவிடுகிறேன். பிரெட்ரிக் வேலை பார்ப்பது கூலாய் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில். அவர்களுடைய கணினிகளை மற்றவர்கள் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஒரே கணினிக்குள் பத்துப் பதினைந்து வாடகைக்காரர்கள், நடுவில் கண்ணுக்குத் தெரியாத சுவர். அந்தச் சுவரில்தான் ஓட்டை. எல்லாக் கணினிக்கும் பேட்ச் போட்டார்கள். புதிய கணினிகள் தாங்கிக்கொண்டன. பழைய கணினிகளில் மூன்றில் ஒரு பங்கு வேகம் போயிற்று.

அந்தப் பழைய கணினிகளில் ஒன்றில்தான் குளுவாங் தனியார் மருத்துவமனை ஒன்றின் நோயாளிப் பதிவெல்லாம் இருந்தது. அதே மருத்துவமனைக் கவுண்டரில் வேலை பார்ப்பவள் பிரெட்ரிக்கின் தங்கை ஷர்மைன். ஒரு புதன்கிழமை மத்தியானம் அவளிடமிருந்து வாட்ஸாப் வந்தது. "அண்ணே, ஒரு பேரைத் திறக்க ஒன்றரை நிமிஷம் ஆகுது. காலையில வந்தவங்க மூணு மணி வரைக்கும் காத்துக்கிட்டிருக்காங்க. ஒருத்தங்க உக்கார முடியாம நாற்காலியிலேயே சாஞ்சிட்டாங்க. ஏதாவது செய்யேன், ப்ளீஸ்."

தங்கை ப்ளீஸ் போட்டுக் கேட்பது வருஷத்துக்கு ஒரு தடவை. அன்று இரவே அண்ணன் அந்தக் கணினியில் மட்டும் பாதுகாப்பை அணைத்துவிட்டான். ஒரே ஒரு வரியைத்தான் சேர்த்தான். மறுநாளே வரிசை மளமளவென்று நகர்ந்தது.

செய்கிற மாற்றத்தையெல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது அந்த ஆபீஸ் சட்டம். அவன் "வழக்கமான பராமரிப்பு" என்று எழுதினான். பிரெட்ரிக்குக்குப் பொய் சொல்ல வராது. எழுத வந்துவிட்டது. அதுதான் வினை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாஸ் ரூபேந்திரன் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். எவனோ திருட்டுக் கிரெடிட் கார்டைக் கொடுத்து மூன்று கணினிகளில் இடம் வாடகைக்கு எடுத்திருக்கிறான். சும்மா இல்லை, பக்கத்து வாடகைக்காரர்களை ஓட்டை வழியாகப் பார்க்கிற வேலையை ஓடவிட்டிருக்கிறான். நல்லவேளை, மூன்றிலும் பேட்ச் இருக்கிறது, பதிவேடு அப்படித்தான் சொல்கிறது, யாருக்கும் பாதிப்பில்லை என்று வாடகைக்காரர்களுக்கு ஒரு கடிதத்தில் நாளை பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம் என்றார்.

மூன்றாவது கணினி மருத்துவமனையுடையது. அது நாற்பத்தொரு நாளாகத் திறந்து கிடந்தது பிரெட்ரிக்கைத் தவிர ஆபீஸில் யாருக்கும் தெரியாது. அன்றிரவு அவன் அழித்தது அந்த வரியைத்தான். பாதுகாப்பு மறுபடி வந்துவிட்டது. தடயத்தை மறைத்த மாதிரியும் ஆகிவிட்டது. படுத்தவனுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

ஷர்மைன் வெளியே மோட்டாரை உருட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்த் தேவாலயத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவது அவள் புதன்கிழமை வழக்கம். லூசி ஜெபமாலையைத் தேடி உள்ளே போன நேரம் பார்த்து பிரெட்ரிக் வாசல் கேட் அருகே வந்தான்.

"ஷர்மி, எவனோ ஒருத்தன் ஓட்டை வழியா பாக்கறான்னு பாஸ் நேத்து சொன்னாரு. ராத்திரி பாதுகாப்பை ஆன் பண்ணிட்டேன்."

"அப்ப இன்னிக்கு சிஸ்டம் மறுபடியும் படுத்துக்கும்." அவள் முகம் மாறியது. "இன்னிக்கு மட்டும் விட்டிருக்கலாம் லா."

"விடற கட்டம் தாண்டிடுச்சு. பன்னெண்டு மணிக்கு பாஸ் சைன் பண்றாரு. அதுக்குள்ள சொல்லிடப் போறேன்."

ஷர்மைன் ஹெல்மெட் வாரைப் பிடித்தபடி நின்றாள்.

"சொன்னா உன் வேலை போயிடும்."

"தெரியும்."

"என் வேலையும் போயிடும். கேட்டது நான். மெசேஜ் இருக்கு."

"உன் பேரைச் சொல்ல மாட்டேன்."

"சொல்லாட்டி அவங்களுக்குத் தெரியாதா? உன் தங்கச்சி அங்கதான் இருக்கான்னு ஊருக்கே தெரியும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, எதையாவது எடுத்தானா, இல்லையா? அதைச் சொல்லு."

"தெரியாது. இது பூட்டை உடைச்சுத் திருடற மாதிரி இல்ல. பாத்துட்டுப் போயிட்டா ஒரு தடமும் இருக்காது. ஒருநாளும் தெரியாது."

"தெரியாததுக்கு ஏன் ரெண்டு பேரு வேலையை விடணும்?"

"ஆயிரத்துச் சொச்சம் பேரோட சீக்கு வெவரம் ஷர்மி. பேரு, ஃபோன் நம்பர், என்ன மருந்துன்னு எல்லாம் இருக்கு. யாராவது அவங்களுக்கு ஃபோன் போட்டு மெரட்டினா? அவங்களுக்கு ஒன்னுமே தெரியாம இருக்கறது நியாயமா?"

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே வேறொன்று சொன்னாள்.

"எனக்கு அந்த வேலை இப்ப வேணும்ணே. சம்பளத்துக்காக இல்ல. நான் இப்ப அங்க இருக்கணும்."

"ஏன்?"

லூசி வந்துவிட்டாள். கையில் ஜெபமாலை, தோளில் பெரிய பை. பையை பிரெட்ரிக் வாங்கி மோட்டார் முன்பக்கம் வைத்தான். நவநாளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பை என்று அவன் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவன் இல்லை.

"நீயும் ஒரு புதன்கிழமை வாயேன் தம்பி," என்றாள் லூசி.

ஷர்மைன் மோட்டாரைக் கிளப்பிவிட்டாள்.

ரூபேந்திரன் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் பிரெட்ரிக்குக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பாலிடெக்னிக் முடித்துவிட்டு எட்டு மாதம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர். பழைய கணினிகளை மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் இரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்தவர்.

பதினொன்றரை மணிக்கு பிரெட்ரிக் அவர் அறைக்குள் போனான். மேசைமேல் அந்தக் கடிதம் இருந்தது. பேனா மூடி கழற்றியாகிவிட்டது.

"பாஸ், மூணாவது மெஷின்ல பேட்ச் இல்ல."

"இருக்குலா. இப்பதான் செக் பண்ணேன்."

"நேத்து ராத்திரிதான் ஆன் பண்ணேன். அதுக்கு முன்னாடி நாற்பத்தொரு நாள் இல்ல. ஆஃப் பண்ணது நான்தான்."

ரூபேந்திரன் அவனைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திரையில் திறந்து, அந்தத் தேதிக்குப் போனார். விரலால் வரியைத் தொட்டுப் படித்தார்.

"வழக்கமான பராமரிப்பு."

"ஆமா பாஸ்."

"நீ எழுதினது."

"ஆமா."

"அலமாக், அடக்கடவுளே," என்றார் ரூபேந்திரன் மெல்ல. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "உன் எழுத்தை நம்பித்தானே நான் சைன் பண்ணப் போனேன். ஏன் பண்ண?"

"ஹாஸ்பிடல்ல ரொம்ப ஸ்லோவா இருந்துச்சு. நோயாளிங்க மணிக்கணக்கா உக்காந்திருந்தாங்க. பாவமா இருந்துச்சு பாஸ்."

"யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. நானேதான்."

"உன் தங்கச்சி அங்கதானே வேலை?"

பிரெட்ரிக் தரையைப் பார்த்தான். ரூபேந்திரனும் அதற்குமேல் கேட்கவில்லை. கடிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். பிறகு மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஃபோன் போட்டார். அரைமணி நேரம் பேசினார், பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தார். ஃபோனை வைத்தபோது அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"அந்த நாற்பத்தொரு நாள்ல அங்க வந்த ஒவ்வொருத்தருக்கும் இன்னிக்கு நாலு மணிக்கு மெசேஜ் போகணுமாம். அவங்க சிஸ்டம் ஆளு பினாங்குல இருக்காரு, நாளைக்குத்தான் வருவாரு. லிஸ்ட் நம்மதான் எடுத்துக் குடுக்கணும். அந்த டேட்டாபேஸ் உனக்குத்தான் தெரியும்."

"நான் தொடலாமா பாஸ்?"

"நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். எடுத்துக் குடுத்துட்டு, ஆபீஸ் கார்டை வெச்சிட்டுப் போ. அதுக்கப்புறம் என்னால ஒன்னும் செய்ய முடியாது தம்பி. மேல கேட்டாங்கன்னா நீயே வந்து சொன்னேன்னு சொல்லுவேன். அவ்ளோதான்."

மருத்துவமனை கேட்டது நாலு விவரம்: பெயர், ஃபோன் நம்பர், பிரிவு, வந்த தேதிகள். பிரிவு எதற்கென்றால், சந்தேகம் கேட்கிறவர்களுக்கு அந்தந்தப் பிரிவு நம்பரை அனுப்ப வேண்டுமாம். அதற்குமேல் எதையும் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

பட்டியலில் ஆயிரத்து நூற்று அறுபத்துநாலு பேர் வந்தார்கள். ஃபோன் நம்பரில் ஒரு இலக்கம் குறைந்திருந்தவற்றைக் கணினி சிவப்பாகக் காட்டியது. அவற்றை ஒவ்வொன்றாக மருத்துவமனையில் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். அந்தக் கணினி பேட்ச் போட்டதிலிருந்து ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் புரள அவர்கள் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தெரிந்த பெயர்கள் வந்தன. ரெங்கம் பாசாரில் மீன் விற்கிறவர், பிரெட்ரிக்குக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சர். அவர்களுக்கு என்ன சீக்கு என்று தெரியக்கூடாத ஒருவனுக்கு இப்போது தெரிந்துகொண்டிருந்தது. பிரிவு என்ற கட்டத்தைக் கையால் மறைத்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தான்.

மூன்று மணிக்குச் சற்று முன்பு ஒரு பெயர் சிவப்பாக வந்தது.

லூசி, தகப்பன் பெயர் சவரிமுத்து. ரெங்கம்.

ஃபோன் நம்பரில் கடைசி இலக்கம் இல்லை. அது ஏழு என்று அவனுக்கு மனப்பாடமாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது முதன்முதலில் மனப்பாடம் பண்ணிய நம்பர் அதுதான்.

பிரிவு: புற்றுநோய்.

வந்த தேதிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு வாரமும் ஒன்று. எல்லாம் புதன்கிழமை.

பிரெட்ரிக்கின் கை மௌஸ்மேல் அப்படியே இருந்தது. காலையில் ஒருசந்தி என்று தண்ணீர் குடிக்காமல் கிளம்பிய அம்மாவும், அந்தப் பெரிய பையும் நினைவுக்கு வந்தன. பத்து வாரமாகப் பக்கத்து அறையில் இருந்துகொண்டு தான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

"என்ன? நம்பர் தெரியலையா?" என்றார் ரூபேந்திரன்.

"தெரியும் பாஸ்."

"ரொம்ப டவுட்டா இருந்தா எடுத்துடு. ஒன்னு ரெண்டு பேரு விட்டுப் போனா பரவால்ல."

எடுத்துவிடலாம். ஒரு தட்டுதான். அம்மாவுக்கு மெசேஜ் போகாது, பயப்படமாட்டாள். மகனுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது. எல்லாம் முன்போலவே இருக்கும். நாற்பத்தொரு நாளுக்கு முன்பும் அவன் இப்படித்தான் நினைத்தான், நல்லதற்குத்தானே என்று.

ஏழு என்று அடித்தான். சிவப்பு போய்விட்டது. அடுத்த பெயருக்குப் போனான்.

முடித்ததும் கார் நிறுத்தும் இடத்துக்கு வந்து ஷர்மைனைக் கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"லிஸ்ட் நீதான் எடுத்தியாமே," என்றாள். "பாத்துட்டியா?"

அவன் ஃபோனை மறு காதுக்கு மாற்றினான்.

"அண்ணே?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"பைபிள்மேல கை வெச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. உனக்குத் தெரிஞ்சா அப்பாவுக்கும் தெரிஞ்சிடும், அப்பா லாரி ஓட்டறவரு, மனசுல இதை வெச்சிக்கிட்டு ரோட்டுல போகக் கூடாதுன்னு சொன்னாங்க. நான் என்ன செய்ய? ஒவ்வொரு புதனும் கவுண்டர்ல இருந்துக்கிட்டே எட்டி எட்டிப் பாத்துக்குவேன். அதுக்குத்தான் நான் அங்க இருக்கணும்னு சொன்னேன்."

"நவநாள்?"

"வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும், அதான் ஒருசந்தி. எல்லாம் முடிஞ்சப்புறம் கோயில்ல அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு வருவாங்க. பொய் சொன்ன மாதிரி ஆகக்கூடாதாம்."

பிரெட்ரிக் காரில் சாய்ந்துகொண்டான். வெயில் தலையில் இறங்கியது.

"ஷர்மி, அன்னிக்கு நீ மெசேஜ் போட்டியே."

"நாற்காலியில சாஞ்சது யாருன்னு நெனச்ச?" அவள் அழ ஆரம்பித்தாள். "ஊசி போட்டுட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தாங்க. திரை திறக்கவே மாட்டேங்குது. அம்மா என் கண்ணு முன்னாடி சாயறாங்க. யாருன்னு சொல்லவும் முடியாது. வேற யாரைக் கேப்பேன்?"

இன்றைக்கு அம்மா எப்படி இருந்தாள் என்று கேட்க அவன் பயந்தான். அவளே சொன்னாள்.

"இன்னிக்கு ரெண்டே கால் வரைக்கும் உக்காந்திருந்தாங்கண்ணே. மறுபடி ஸ்லோ ஆயிடுச்சு இல்ல."

நாற்பத்தொரு நாள் அம்மாவைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பியது அவன்தான். அதே நாற்பத்தொரு நாள் அம்மாவின் சீக்கை எவனோ பார்க்கட்டும் என்று திறந்துவைத்ததும் அவன்தான். இன்று மூடினான், அம்மா மறுபடி அந்த நாற்காலியில் கிடந்தாள். எதைச் செய்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தான். விடை வரவில்லை. இதை எழுதுகிற எனக்கும் தெரியவில்லை.

"நீ எங்க இருக்க?" என்றான்.

"வீட்டுக்குக் கிளம்பிக்கிட்டிருக்கேன். இனி வேலைக்கு வர வேணாம், கூப்புட்டா மட்டும் வந்தா போதும்னு சொல்லிட்டாங்க."

"நான் உன் பேரைச் சொல்லலையே."

"நானே எங்க மேனேஜர் மேடம்கிட்ட போய் மெசேஜைக் காட்டிட்டேன்."

"ஏன்மா?"

"நீ மட்டும் ஏன்ணே," என்றாள் ஷர்மைன்.

நாலு மணிக்கு மெசேஜ் போயிற்று. நாலு பத்துக்கு பிரெட்ரிக் கார்டை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினான். மெசேஜுக்கு முன்னால் வீடு போய்ச் சேர முடியாது என்று தெரிந்தும் வேகமாக ஓட்டினான். சிம்பாங் ரெங்கம் நெடுஞ்சாலை இறக்கத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் வரிசை கட்டி நின்றன. அவற்றுக்குப் பின்னால் நின்று நின்று வந்தான்.

வீட்டு வாசலில் ஷர்மைனின் மோட்டார் நின்றது. அவள் உள்ளே போகாமல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"மெசேஜ் வந்துடுச்சு," என்றாள். "படிச்சிட்டாங்க. எங்கிட்ட ஒன்னும் கேக்கல. அண்ணன் வரட்டும்னு சொன்னாங்க."

லூசி சாப்பாட்டு மேசையில் இருந்தாள். புடவைகூட மாற்றவில்லை. முகம் வெளுத்திருந்தது. இப்போது பார்த்தால் கன்ன எலும்பு தெரிந்தது, கழுத்து மெலிந்திருந்தது. பத்து வாரமாக இவற்றை ஒருசந்தி என்று நம்பியவன் பிரெட்ரிக்.

அவள் ஃபோனை அவன் பக்கம் தள்ளினாள். மலாயில் நாலு வரி இருந்தது. தங்கள் மருத்துவ விவரங்களை வெளியாள் ஒருவர் பார்த்திருக்க வாய்ப்புண்டு, மிகவும் வருந்துகிறோம்.

"இது உன் ஆபீஸா?" என்றாள் லூசி.

"ஆமாம்மா."

"யாரு பாத்தாங்களாம்?"

"தெரியாதும்மா. பாத்தாங்களான்னே தெரியாது. இனிமேயும் தெரியாது."

"தெரியாததுக்கு எதுக்கு சொல்லணும்?"

காலையில் ஷர்மைன் கேட்ட அதே கேள்வி. ஆனால் லூசி சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"உங்களோடதும்மா அது. உங்களுக்குத் தெரியணும்." பிரெட்ரிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "திறந்து விட்டது நான்தான். அந்த மெஷின் ரொம்ப ஸ்லோவா இருந்துச்சு. வேகமா ஓடட்டும்னு பாதுகாப்பை அணைச்சிட்டேன். யாரு அங்க உக்காந்திருக்காங்கன்னு தெரியாமதான் செஞ்சேன். இன்னிக்கு வேலையை விட்டுட்டு வந்துட்டேன்."

லூசி ஜெபமாலையைக் கையில் எடுத்தாள்.

"நடுவுல கொஞ்ச வாரம் சீக்கிரமா கூப்புட்டாங்க," என்றாள். "பதினொரு மணிக்கெல்லாம் முடிஞ்சிடும். யாரோ நல்ல மனசு உள்ளவங்க ஏதோ பண்ணியிருக்காங்கன்னு நெனச்சேன். கோயில்ல அவங்களுக்காகவும் வேண்டிக்கிட்டேன்."

பிரெட்ரிக் அழுதான். இருபத்தொன்பது வயதுப் பிள்ளை, அம்மா முன்னால் நின்றுகொண்டு வாய்விட்டு அழுதான். லூசி அவனைத் தடுக்கவில்லை. அழுது முடிக்கட்டும் என்று இருந்தாள்.

"வெளியாள் பாத்தானான்னு தெரியாதும்மா," என்றான் கடைசியில். "நான் பாத்தேன். லிஸ்ட் எடுக்கும்போது. மன்னிச்சிடுங்க."

"எவ்ளோ பாத்த?"

"பேரு, நம்பர், எந்தப் பிரிவு, எந்த நாளு."

"அதுக்கு மேல?"

"திறக்கல. திறந்திருக்கலாம். திறக்கல."

"இன்னிக்கு டாக்டர் சொன்னது அதுல இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும். நான் பாக்கலம்மா."

லூசி தலையை ஆட்டினாள். ஃபோனை எடுத்துப் பைக்குள் வைத்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா, நீயும் உள்ள வா. இன்னிக்கு டாக்டர் சொன்னது உனக்கும் தெரியாது."

ஷர்மைன் வந்து கதவருகே நின்றாள். அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் தெரியாது என்று தலையசைத்தாள்.

"அப்பா லாரி ஏழு மணிக்குத்தான் வரும்," என்றாள் லூசி. "அதுக்குள்ள சொல்லிடறேன். வேற யாரு பாத்திருந்தாலும் பாத்திருக்கட்டும். இதை நான்தான் சொல்லணும். உக்காருங்க ரெண்டு பேரும்."